வெள்ளாட்டுக் கிடாக்குட்டிக்குக் காயடிப்பதும் அதற்குப் பிந்தைய கவனிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லாக் கிடாக்குட்டிக்கும் காயடித்துத்தான் ஆக வேண்டுமா?

இல்லை. நான்கைந்து மாதத்தில் கறிக்குப் போகப்போகிற குட்டி, பெட்டைகளைவிட்டுத் தனியே வளர இடமும் இருக்கிறது என்றால் காயடிக்கவே வேண்டாம். விதையுள்ள கிடா காயடித்ததைவிட வேகமாக எடை போடும், கொழுப்பும் குறைவாகவே வைக்கும்.

பெட்டைகளோடு ஒரே பட்டியில் வளரும் குட்டிக்குக் காயடிப்பு அவசியம். கிடாக்குட்டி மூன்றிலிருந்து நான்கு மாதத்திலேயே சினைப்படுத்தும் திறனுக்கு வந்துவிடும். தாயா, உடன்பிறந்த பெட்டையா என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. உடல் முற்றாத பெட்டைக்குட்டி சினையானால் ஈனும்போது தாயையும் குட்டியையும் சேர்த்து இழக்க நேரும். நீண்ட காலம் வளர்க்கப்போகிற ஆட்டுக்கும் காயடிப்பதே நல்லது. முட்டும் குணம், தன் முகத்திலும் தாடியிலும் தானே சிறுநீர் பீய்ச்சிக்கொள்வது, அந்தக் கிடா வாடை எல்லாம் விதையில் சுரக்கும் ஆண் இயக்குநீரால் வருபவை. பொலிகிடாவாக வைக்கலாமா என்ற யோசனை இருந்தால் தாயின் பால், குட்டியின் வளர்ச்சி, கால் அமைப்பு எல்லாம் பார்த்து முடிவெடுத்த பிறகு கையை வையுங்கள். காயடித்ததைத் திருப்ப வழியில்லை.

எந்த வயதில் செய்வது சரி?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஒரே வரியில் இதற்கு விடை கிடையாது, ஏனென்றால் இரண்டு நியாயங்கள் எதிரெதிராக இழுக்கின்றன.

வயது குறையக் குறைய விதை சிறியது, ரத்தக்குழாய் மெல்லியது. வலியின் காலம் குறைவு, ரத்தப்போக்கு குறைவு, புண் ஆறுவதும் சீக்கிரம். இது ஒரு பக்கம்.

மறுபக்கம் சிறுநீர்க்குழாய். பிறந்த குட்டியின் குறி அதன் உறையோடு ஒட்டியிருக்கும். ஆண் இயக்குநீர் சுரக்கச் சுரக்கத்தான் அந்த ஒட்டு விடுபடும், சிறுநீர்க்குழாயும் அகலமாகும். மிகச் சிறு வயதிலேயே காயடித்தால் குழாய் குறுகலாக நின்றுவிடும். பிற்பாடு சிறுநீரில் மணல் போன்ற கல் உண்டானால் வெளியேற வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும். காயடித்த வெள்ளாட்டுக்கு வரும் உயிராபத்துகளில் இந்த அடைப்பு முதன்மையானது.

ஆகவே எங்கள் பரிந்துரை குட்டியின் எதிர்காலத்தைப் பொறுத்து மாறும். ஓராண்டுக்குள் கறிக்குப் போகும் குட்டி என்றால் ஒரு வாரம் முதல் நான்கு வாரத்துக்குள் முடித்துவிடலாம். பல ஆண்டு வளரப்போகும் ஆடு என்றால் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை பொறுத்துச் செய்யுங்கள். அப்படிப் பொறுக்கும்போது மூன்று மாதம் முடியுமுன் பெட்டைகளிடமிருந்து பிரித்துவிட வேண்டும். பிறந்த முதல் நாளில் எந்த முறையும் கூடாது. குட்டி வயிறார சீம்பால் குடித்துத் தாயோடு பழகும் நேரம் அது, வலியில் மடி தேடுவதை விட்டுவிட்டால் சீம்பால் கிடைக்காமலே போய்விடும்.

என்னென்ன முறைகள் உண்டு? எது சிறந்தது?

மூன்று. விதைப்பையின் கழுத்தில் இறுக்கமான ரப்பர் வளையம் போட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்துவது. பர்டிசோ இடுக்கியால் தோலை வெட்டாமல் உள்ளே இருக்கும் தண்டை நசுக்குவது. கத்தியால் திறந்து விதையை எடுத்துவிடுவது. (விதையிலிருந்து வயிற்றுக்குள் போகும் கயிறு போன்ற பகுதியை இங்கே விதைத்தண்டு என்கிறோம். ரத்தக்குழாய், நரம்பு, விந்துக்குழாய் மூன்றும் அதற்குள் சேர்ந்து ஓடுகின்றன.)

நான்கு வாரத்துக்குட்பட்ட குட்டிக்கு வளையம் போதும். அதற்கு மேல் மூன்று நான்கு மாதம் வரை பர்டிசோதான் எங்கள் தேர்வு. வெளிக்காயம் இல்லை, ஈ மொய்க்காது, ரத்தம் வராது. ஆனால் கை பழகியிருக்க வேண்டும், தவறினால் ஒரு விதை உயிரோடு தங்கிவிடும். அறுவை முறையில் விதை கையில் வந்துவிடுவதால் சந்தேகத்துக்கே இடமில்லை. பெரிய கிடாவுக்கு அதுவே சரி, ஆனால் அதைக் கால்நடை மருத்துவர்தான் செய்ய வேண்டும்.

கல்லில் வைத்து நசுக்குவது, கட்டையால் அடிப்பது, குதிரை மயிரோ நைலான் கயிறோ கட்டிவிடுவது ஆகியவற்றைச் செய்யவே செய்யாதீர்கள். கயிற்றுக்கு ரப்பரின் இழுவை கிடையாது. பை சுருங்கியதும் கயிறு தளரும், ரத்தம் பாதி போய்ப் பாதி நிற்கும், உள்ளே அழுகல் பிடிக்கும். குட்டி நாள்கணக்கில் துடிக்கும்.

செய்வதற்கு முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

முதலில் விரலால் தடவிப் பாருங்கள். பையில் இரண்டு விதையும் இறங்கியிருக்க வேண்டும். இளங்குட்டியில் ஒவ்வொன்றும் ஊறவைத்த அவரைக்கொட்டை போல வழுக்கிக்கொண்டு விரலுக்கு நழுவும். ஒன்றுதான் தட்டுப்படுகிறது என்றால் நிறுத்திவிடுங்கள். மற்றது வயிற்றுக்குள் தங்கியிருக்கும். இறங்கியதை மட்டும் நீக்கிவிட்டால் அந்தக் கிடா பார்வைக்குக் காயடித்தது போலவும் குணத்தில் முழுக் கிடாவாகவும் திரியும், உள்ளே எந்த விதை என்று பிறகு மருத்துவரும் தடுமாற நேரிடும். சில வாரம் பொறுத்து மீண்டும் பாருங்கள். அப்போதும் இறங்காவிட்டால் மருத்துவர் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும்.

அடுத்தது குடலிறக்கம். பை ஒரு பக்கம் மட்டும் பெருத்து, மெத்தென்று இருந்து, குட்டியை மல்லாத்தி மெல்ல அழுத்தினால் உள்ளே போய்விடுகிறதா? குடல் பைக்குள் இறங்கியிருக்கிறது என்று பொருள். இதன் மேல் வளையமோ இடுக்கியோ போட்டால் குடல் நசுங்கிக் குட்டி செத்துவிடும். கண்டிப்பாக மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிறகு உடல்நிலை. கழிச்சல், சளி, காய்ச்சல் இருந்தால் தேறும்வரை தள்ளிப்போடுங்கள். ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் வெப்பநிலை 102 முதல் 103.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருப்பது இயல்பு. கொம்புக்குருத்துச் சுடுவது, பால் மறக்கடிப்பது, வண்டியில் ஏற்றி இடம் மாற்றுவது இவற்றை அதே வாரத்தில் வைக்க வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு அதிர்ச்சி குட்டிக்குத் தாங்காது.

மழை பிடித்த நாளும் ஈ அதிகமான பருவமும் ஆகாது. வெயில் ஏறுமுன், காலை நேரத்தில் செய்தால் அன்று முழுவதும் வெளிச்சத்தில் கண்காணிக்கலாம். மாலையில் செய்துவிட்டு இருட்டில் குட்டியை விட்டுப் போவது பெரிய தவறு.

ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி அவசியமா? சின்னக் குட்டிதானே?

அவசியம். இதில் மட்டும் எந்தச் சலுகையும் இல்லை.

ரணஜன்னியை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் டெட்டனை கிருமியின் வித்துகள் பட்டியின் மண்ணிலும் சாணியிலும் எப்போதும் இருக்கும். காற்றுப் படாத, ரத்தம் ஓடாத செத்த சதையில் அவை பெருகி நஞ்சைக் கக்கும். ரப்பர் வளையம் செய்வது என்ன? செத்த சதையை உடம்போடு இரண்டு மூன்று வாரம் தொங்கவிடுகிறது. கிருமிக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. அதனால்தான் மூன்று முறைகளில் வளையத்துக்கே ரணஜன்னி ஆபத்து அதிகம். நோய் கண்டபின் பெரும்பாலான குட்டிகள் பிழைப்பதில்லை.

இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறோம். டெட்டனஸ் டாக்ஸாய்டு என்பது தடுப்பூசி. அது உடம்பைத் தானே எதிர்ப்புப்பொருள் உண்டாக்க வைக்கும், ஆனால் அதற்கு இரண்டு வாரமாவது ஆகும். முதன்முறை போடும் குட்டிக்கு மூன்று நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி வேண்டும். காயடிக்கும் அன்று டாக்ஸாய்டு மட்டும் போட்டால் ஆபத்தான அந்த இரண்டு வாரமும் குட்டி பாதுகாப்பின்றி இருக்கும். ஆன்டிடாக்ஸின் என்பது தயார்நிலை எதிர்ப்புப்பொருள். போட்ட உடனே வேலை செய்யும், இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும்.

தாய் ஆட்டுக்கு ஈனுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பு தடுப்பூசி போட்டிருந்து, குட்டி சீம்பாலை நன்றாகக் குடித்திருந்தால், முதல் இரண்டு மாத அளவுக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கும். அப்படி இல்லை, அல்லது உறுதியாகத் தெரியவில்லை என்றால் காயடிக்கும் அன்றே மருத்துவர் சொல்லும் அளவில் ஆன்டிடாக்ஸின் போட்டுவிடுங்கள். டாக்ஸாய்டும் அன்றே தொடங்குவதானால் வேறு சிரிஞ்சில், உடம்பின் மறுபக்கத்தில் போட வேண்டும். துள்ளுமாரி (குடல் நஞ்சு நோய்) தடுப்பூசியிலேயே டெட்டனஸும் அடக்கம் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை. புட்டியின் மேலுள்ள எழுத்தைப் படித்துப் பாருங்கள்.

வலி தெரியாமல் செய்ய முடியுமா?

முடியும், செய்யவும் வேண்டும். "ஒரு நிமிஷம்தானே, கத்திட்டு விட்டுடும்" என்பது சரியில்லை. வளையம் போட்ட குட்டிக்கு முதல் இரண்டு மணி நேரமும் கடும் வலி, பர்டிசோவில் நசுக்கும் கணமும் அதைத் தொடரும் வீக்கமும் வலி.

இரண்டு மருந்து சேர்ந்தால் நல்ல பலன் கிடைக்கும். ஒன்று, மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன். விதைத்தண்டு ஒவ்வொன்றிலும், பையின் கழுத்தைச் சுற்றித் தோலுக்கடியிலும் ஊசி போட்டு ஐந்து முதல் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். வெள்ளாட்டுக்குட்டிக்கு இந்த மருந்து சீக்கிரம் நஞ்சாகும். உடல் எடையில் கிலோவுக்கு 5 மி.கி. என்பதைத் தாண்டக்கூடாது. 2 சதவீத மருந்தில் ஒரு மி.லி.க்கு 20 மி.கி. இருக்கும். ஆக 6 கிலோ குட்டிக்கு எல்லா இடத்துக்கும் சேர்த்து 1.5 மி.லி.தான் உச்சம். அதைச் சம அளவு சலைன் கலந்து 3 மி.லி. ஆக்கிக்கொண்டால் எல்லா இடத்துக்கும் பரவலாகப் போட வரும். குட்டியை எடை போடாமல் கண்மதிப்பில் ஊசி ஏற்றாதீர்கள்.

இரண்டாவது, மெலாக்ஸிகாம் போன்ற வலி, வீக்கம் குறைக்கும் ஊசி. வேலைக்கு முன்பே போட்டால் மரத்த தன்மை விலகும் நேரத்தில் இது பிடித்துக்கொள்ளும். அளவையும் எத்தனை நாள் என்பதையும் கால்நடை மருத்துவரே எழுதித்தர வேண்டும், கறிக்குப் போகும் ஆடானால் மருந்து உடம்பிலிருந்து நீங்கும் நாள்கணக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

குட்டியை எப்படிப் பிடிப்பது?

பிடிப்பவர் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து, குட்டியின் முதுகு தன் நெஞ்சில் சாய, பின்பாகம் மடியில் இருக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். வலக்கையால் வலது முன்னங்காலையும் பின்னங்காலையும் சேர்த்து, இடக்கையால் இடப்பக்கக் கால்களைச் சேர்த்துப் பிடித்தால் பை நேராக எதிரில் இருப்பவருக்குத் தெரியும். கழுத்தை அமுக்கக்கூடாது. வயிறு முட்டப் பால் குடித்த உடனே இப்படி மடக்கிப் பிடித்தால் பால் மேலேறிப் புரையேறும், ஒரு மணி நேரம் கழியட்டும். அதற்காகப் பால்குடிக் குட்டியைப் பட்டினி போடவும் வேண்டாம்.

ரப்பர் வளையம் போடும் முறை என்ன?

வளையத்தை முதலில் சோதியுங்கள். வெயிலில் கிடந்த, பழைய வளையம் இழுத்தால் வெடிப்பு விடும். அப்படிப்பட்டது பாதியில் அறுந்து, ரத்தம் மீண்டும் ஓடி, பெரிய சிக்கலாகும். புதியதையே ஸ்பிரிட்டில் துடைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

வளையத்தை விரிப்பதற்கென்றே தனி இடுக்கி உண்டு, பர்டிசோ அல்ல. அதன் நான்கு முனையிலும் வளையத்தை மாட்டி விரியுங்கள். முனைகள் குட்டியின் வயிற்றைப் பார்த்திருக்க வேண்டும், அப்போதுதான் கடைசியில் இடுக்கியைக் கழற்ற வரும். விரிந்த வளையத்துக்குள் பையை நுழைத்து, இரண்டு விதையையும் விரலால் கீழே தள்ளி, வளையத்துக்குக் கீழே இரண்டும் இருப்பதை எண்ணிப் பார்த்த பின் இடுக்கியை மெல்லத் தளர்த்துங்கள். பயந்த குட்டி விதையை மேலே இழுத்துக்கொள்ளும். அந்த ஒரு கணத்தில் ஒன்று நழுவிப்போவதுதான் இந்த முறையில் நடக்கும் பெரும்பான்மைத் தவறு.

இடமும் முக்கியம். ஆண்குட்டிக்கும் பைக்கு முன்னால் சிறு காம்புகள் உண்டு, அவை வளையத்துக்குள் மாட்டக்கூடாது. வளையம் வயிற்றோடு ஒட்டி ஏறிவிட்டால் சிறுநீர்க்குழாயையும் சேர்த்து இறுக்கும். மிகவும் கீழே இறங்கினால் விதையின் தலைப்பகுதி மேலே தங்கும். பையின் கழுத்தில், விதைக்குச் சற்று மேலே, தண்டு மட்டும் இருக்கும் இடமே சரி. தவறு தெரிந்தால் உடனே, அந்த நிமிடமே, வளையத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். நாள் கடந்து தெரியவந்தால் நீங்களாக வெட்டாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பர்டிசோ போடும் முறை?

குட்டிக்குச் சுமார் 9 அங்குல நீளமுள்ள சிறிய இடுக்கி போதும். மாட்டுக்கான பெரியதைக் கொண்டு போடாதீர்கள். வாய் நேராக மூடுகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். இரண்டு தாளுக்கு நடுவே நூல் ஒன்றை வைத்து மூடினால் நூல் அறுந்து தாள் கிழியாமல் இருக்க வேண்டும். அந்த நூல்தான் உள்ளே இருக்கும் தண்டு, தாள்தான் மேல்தோல் என்று எண்ணிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் வாயை இறுக மூடி வைக்காமல் திறந்தே வைத்தால் இழுவை கெடாது.

ஒரு விதையைக் கீழே இழுத்து, பையின் கழுத்தில் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தண்டைத் தேடுங்கள். பென்சிலைவிட மெல்லிய, உறுதியான கயிறு உருள்வது போல இருக்கும். அதைப் பையின் வெளி ஓரத்துக்குத் தள்ளி, நழுவாமல் விரலால் அணைபோட்டு, விதைக்கு மேலே ஒன்றரை இரண்டு செ.மீ. தூரத்தில் இடுக்கியின் வாயை வைத்து மூடுங்கள். தண்டு நொறுங்குவது கையில் ஒரு சிறு 'கறுக்'கென்று தெரியும். மூடியபடியே பத்து நொடி எண்ணி, தண்டு இன்னும் வாய்க்குள்தான் இருக்கிறதா என்று மறுபடி தடவிப் பார்த்து விடுங்கள். அதே தண்டில் முதல் நசுக்கலுக்கு ஒரு செ.மீ. கீழே இன்னொரு முறை. பிறகு மறுபக்கத் தண்டு.

இங்கே ஒரு விதி: இடப்பக்க நசுக்கல் கோடும் வலப்பக்கக் கோடும் ஒரே நேரில் சேரக்கூடாது. ஒன்று சற்று மேலே, மற்றது சற்றுக் கீழே, நடுவில் நசுங்காத தோல் ஒரு பட்டையாக மிஞ்ச வேண்டும். பைத்தோலுக்கு ரத்தம் அந்த வழியாகத்தான் போகிறது. பை முழுவதையும் குறுக்கே ஒரே கடியில் நசுக்கினால் ஒரு வாரத்தில் தோல் கறுத்து, அழுகி, பையே உதிர்ந்துவிடும். வெளிக்காயமில்லாத முறையைத் தேர்ந்தெடுத்ததே வீணாகும்.

அறுவை முறையில் என்ன நடக்கும்?

மருத்துவர் மரக்க ஊசி போட்டு, பையின் அடிப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, விதைகளை வெளியே இழுத்து, தண்டைக் கட்டியோ நசுக்கியோ நீக்குவார். வெட்டிய வாய் பெரும்பாலும் தைக்கப்படுவதில்லை. "தைக்காமல் விட்டுட்டாரே" என்று பதற வேண்டாம். உள்ளே ஊறும் நீர் கீழே வடிவதற்காகத்தான் அப்படி விடுகிறார்கள். மூடிவிட்டால் சீழ் தேங்கும்.

முதல் நாள் குட்டி எப்படி இருக்கும்?

இறக்கிவிட்டதும் தாயிடம் விடுங்கள். பால் குடிப்பதே பெரிய ஆறுதல். முதல் ஒன்றிரண்டு மணி நேரம் குட்டி படுத்துப் படுத்து எழும், பின்காலை உதறும், பின்பக்கம் திரும்பிப் பார்க்கும், வாலை விசிறும், கால் அகட்டி நடக்கும். இவையெல்லாம் எதிர்பார்த்தவையே. மாலைக்குள் பால் குடிக்க வேண்டும், சிறுநீர் கழித்திருக்க வேண்டும். சிறுநீரைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். வளையம் போட்ட குட்டி முக்கி முக்கிச் சிறுநீர் வராமல் கத்தினால் வளையம் மேலேறியிருக்கலாம், அன்றே கழற்றியாக வேண்டும்.

படுக்க உலர்ந்த வைக்கோல் போட்ட தரை வேண்டும். சாணிச் சேறு ஆகவே ஆகாது. முட்டும் பெரிய ஆடுகளிடமிருந்து இரண்டு மூன்று நாள் தள்ளி வையுங்கள். ஆனால் கட்டிப்போடாதீர்கள். நடக்க நடக்கத்தான் வீக்கம் வடியும்.

அடுத்த நாட்களில் என்னென்ன மாற்றம் தெரியும்?

வளையம்: முதல் நாள் மாலைக்குள் பை சில்லிட்டிருக்கும். சில நாளில் சுருங்கிக் கறுக்கும். ஒரு வாரம் பத்து நாளில் காய்ந்த தோல்போல் கெட்டியாகும், வளையத்தை ஒட்டி மேலே ஈரமான ஒரு பள்ளம் தெரியும். புண்ணுக்கு ஆபத்து அதிகமான கட்டம் இதுவே. தினமும் ஒருமுறை பொவிடோன் அயோடின் தொட்டு, ஈ அண்டாத தெளிப்பு அடியுங்கள். இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் பை தானே விழும். தொங்குகிறதே என்று பிடித்து இழுக்காதீர்கள். உள்ளே ஒட்டியிருக்கும் உயிர்ச்சதை கிழிந்து ரத்தம் வரும்.

பர்டிசோ: மறுநாள் பை வீங்கும், மூன்றாம் நாள் வரை கூடலாம், ஒரு வாரத்தில் வடியத் தொடங்கும். தோலில் நசுக்கிய கோடு மட்டும் தெரியும். விதை கெட்டியாகி, பிறகு நான்கு முதல் ஆறு வாரத்தில் சூம்பி, கடைசியில் பையில் சிறு முடிச்சு மட்டும் தட்டுப்படும்.

அறுவை: முதல் நாள் ரத்தம் கலந்த நீர் சொட்டும், இரண்டு மூன்று நாள் வீக்கம், இரண்டு மூன்று வாரத்தில் புண் மூடும். புண்ணைத் தோண்டிக் கழுவ வேண்டாம். வெளியே ஒட்டிய அழுக்கை மட்டும் உப்புநீரால் துடைத்தால் போதும்.

மஞ்சள், வேப்ப எண்ணெய் பூசலாமா என்று கேட்கிறார்கள். வேப்ப எண்ணெயைப் புண்ணைச் சுற்றியுள்ள தோலில் தடவினால் ஈ விலகும். திறந்த புண்ணுக்குள் சாம்பல், சாணி, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம்.

ரத்தம் நிற்கவில்லை. என்ன செய்வது?

சொட்டுச் சொட்டாக, எண்ணக்கூடிய வேகத்தில் வந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் குறைந்தால் கவலையில்லை. நூல்போல் ஒழுகினால் சுத்தமான துணியைச் சுருட்டிப் பைக்குள் அழுத்திப் பிடித்து, விடாமல், எடுத்து எடுத்துப் பார்க்காமல் மருத்துவரை வரவழையுங்கள். ஈறு வெளுத்தால் நேரம் இல்லை.

புழு வைத்துவிட்டது.

துர்நாற்றம், குட்டி பின்பக்கத்தைத் திரும்பத் திரும்ப நக்குவது, புண்ணில் சிறு துளை, அதிலிருந்து பழுப்பு நீர் வடிதல். இவை இருந்தால் உள்ளே புழு இருக்கிறது. சிறு துணியில் டர்பன்டைன் எண்ணெய் சில சொட்டு நனைத்துத் துளையில் வைத்தால் புழு வெளியே வரும். சாமணத்தால் ஒன்றுவிடாமல் எடுத்து, உப்புநீரால் கழுவி, ஈ விரட்டும் மருந்து தெளியுங்கள். நல்ல தோலில் எண்ணெய் ஊற்றாதீர்கள், வெந்துவிடும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் பாருங்கள், ஒரே முறையில் எல்லாப் புழுவும் வருவது அரிது. புண் ஆழமாக இருந்தால் ஊசி மருந்து தேவைப்படும்.

எந்த அறிகுறி தெரிந்தால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்?

ரணஜன்னியை முதலில் சொல்கிறோம். மூன்று நாள் முதல் மூன்று வாரம் வரை எப்போதும் வரலாம். குட்டி கட்டையில் செய்த கால்போல் விறைத்து நடக்கும், காது நிமிர்ந்தே நிற்கும், கண்ணின் உள்மூலையிலிருந்து வெள்ளைச் சவ்வு எட்டிப் பார்க்கும், வாய் திறக்காது, கை தட்டினால் உடம்பு உதறும். இதில் ஒன்று தெரிந்தாலும் இருட்டான, சத்தமில்லாத இடத்தில் வைத்துவிட்டு அழையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும்.

மற்றவை: 104.5 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஒரு நாளுக்கு மேல் பால் குடிக்காமை, மூன்றாம் நாளுக்குப் பிறகும் கூடிக்கொண்டே போகும் வீக்கம், சீழ் வாடை, பர்டிசோ போட்ட பைத்தோல் கறுத்துச் சில்லிடுவது, வெட்டிய வாயிலிருந்து சதையோ குடலோ தொங்குவது.

காயடித்த பின் எப்போது பெட்டைகளோடு விடலாம்?

பால்குடிக் குட்டியானால் உடனே விடலாம். மூன்று மாதம் தாண்டியதற்குக் குழாயில் மிஞ்சிய விந்து இருக்கும், ஆறு வாரமாவது தனியே வையுங்கள். பெரிய கிடா காயடித்த பிறகும் சில நாள் ஏறப் பார்க்கும். வாடையும் குணமும் மெல்லத்தான் விலகும்.

ஆறு வாரம் கழித்தும் ஒரு விதை கெட்டியாகவே இருக்கிறது.

பர்டிசோவில் அந்தப் பக்கத் தண்டு நழுவிவிட்டது. எட்டாவது வாரத்திலும் அளவு குறையாவிட்டால் மீண்டும் நசுக்க வேண்டும், அல்லது அறுவை செய்ய வேண்டும். ஆகவே பர்டிசோ போட்ட ஒவ்வொரு குட்டியையும் ஆறாவது வாரம் தடவிப் பார்க்கும் தேதியைக் குறித்து வையுங்கள்.

காயடித்த ஆட்டுக்குத் தீவனத்தில் என்ன மாற்றம் வேண்டும்?

மேலே சொன்ன சிறுநீர்க்கல் அபாயம் ஆடு உள்ளவரை கூடவே வரும், அதைத் தீவனத்தில்தான் தடுக்க முடியும். மக்காச்சோளம், கோதுமை போன்ற தானியங்களிலும் தவிட்டிலும் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச்சத்து குறைவு. இவற்றை அள்ளிப் போட்டால் கல் உண்டாகும். மொத்தத் தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து இரண்டு பங்குக்குப் பாஸ்பரஸ் ஒரு பங்கு இருக்க வேண்டும். தழையும் உலர்புல்லும் வயிற்றை நிரப்பட்டும். அடர்தீவனம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது, வளர்ந்த காயடித்த ஆட்டுக்குப் பெரும்பாலும் அது தேவையே இல்லை. தண்ணீர் எப்போதும் தெளிவாக, எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். உப்புக்கட்டி தொங்கவிட்டால் ஆடு அதிகம் குடிக்கும், சிறுநீர் நீர்த்துப் போகும்.

ஆடு முதுகை வளைத்து நின்று முக்குகிறது, சொட்டுச் சொட்டாகப் போகிறது அல்லது போகவே இல்லை, குறி உறையின் மயிரில் மணல் போன்ற துகள் ஒட்டியிருக்கிறது, வயிறு பார்த்துக் கத்துகிறது என்றால் கழிச்சலோ மலச்சிக்கலோ என்று கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாதீர்கள். நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டால் கல் கரையும் என்பதும் தவறு, வழி அடைத்த சிறுநீர்ப்பை இன்னும் நிரம்பி வெடிக்கும். கல் பெரும்பாலும் குறியின் நுனியிலுள்ள புழுப்போன்ற நீட்சியிலோ அதற்கு மேலுள்ள வளைவிலோ மாட்டும். நுனியில் மாட்டியதானால் மருத்துவர் அந்த நீட்சியை வெட்டிவிட்டதும் சிறுநீர் பாயும். சில மணி நேரத்துக்குள் கொண்டுபோனால் அந்த வாய்ப்பு உண்டு. மறுநாள் வரை காத்திருந்தால் சிறுநீர்ப்பை கிழிந்துவிடும்.